தலையெழுத்தும் அடியெழுத்தும்



குறைகடத்திக் கருவிகளின் மின் அளவுகளை எழுத்துகளாற் குறிக்கும் முறை யாது, அம்முறையிற் பிழை நேரின் விளைவு யாது என்பதே இன்றைய பேச்சின் பொருள். எழுத்தைப் பற்றியதாகலின், இஃது இலக்கண வகுப்பிற்கும் அயலான பொருளன்று.

ஓர் இளைஞன் தன் வீட்டிலேயே மின்வழங்கி ஒன்று செய்ய முனைகின்றான் எனக் கொள்க. அதற்குப் பெரிய திரிதடையம் ஒன்று தேவைப்படுகின்றது. மக்கள் திரான்சிசுடர் என வழங்குவது அது. கடைக்காரர் 2என்3055 என்னும் எண்ணுடையதை எடுத்துக் கொடுக்கின்றார். அமெரிக்க ஆர்.சி.ஏ. நிறுவனம் முதலில் வெளியிட்டுப் பின்னர்ப் பல நாட்டு நிறுவனங்களும் செய்து வரும் பெயர்பெற்ற கருவி அது. அதன் தரவுத்தாளை இளைஞன் புரட்டுகின்றான். மின்னழுத்த வரிசையில் 100 வோல்ட்டு என்று ஓர் எண் காணப்படுகின்றது. தன் சுற்றின் வழங்கு மின்னழுத்தம் 80 வோல்ட்டுத்தானே என்று மனநிறைவோடு கருவியைப் பொருத்தி மின்சாரத்தைத் திறக்கின்றான். அடிவாய்க்கு மின்னோட்டம் வாராத ஒரு நொடியில் கருவி முறிந்து, ஏற்பானும் உமிழ்ப்பானும் ஒன்றோடொன்று ஒட்டிப் போகின்றன. தடுத்து நிறுத்த வேண்டிய கருவி தடையற்ற வழியாகிவிட, அதன் பின்னால் இருந்தனவெல்லாம் கருகுகின்றன.

தாள் பொய் சொல்லவில்லை. 100 வோல்ட்டு என்பது மெய்யே. ஆனால் அவ்வெண்ணின் முன்னே நின்ற எழுத்துகளை இளைஞன் படித்திலன். எண்ணைப் படித்தான், எழுத்தை விட்டான்.

அத்தாளில் அடுத்தடுத்து மூன்று வரிகள் உள. மூன்றிலும் தலையெழுத்து மின்னழுத்தத்தைக் குறிக்கும் வி என்பதே. வேறுபாடெல்லாம் அதன் காலடியில் சிறிதாய் எழுதப்பெறும் அடியெழுத்துகளில் உள்ளது. சி-பி-ஓ என்னும் அடியெழுத்துகளைக் கொண்ட வரியில் 100 வோல்ட்டு. சி-இ-ஆர் என்பதில் 70 வோல்ட்டு. சி-இ-ஓ என்பதில் 60 வோல்ட்டு. தலையெழுத்து ஒன்றாயினும் அடியெழுத்தால் 40 வோல்ட்டு வேறுபாடு! ‘எல்லாம் தலையெழுத்து’ என்று நொந்துகொள்வார் இவ்விடத்தில் அடியெழுத்தையே நொந்துகொள்ள வேண்டும்.

திரிதடையத்திற்கு மூன்று முனைகள். உமிழ்ப்பானுக்கு இ, அடிவாய்க்கு பி, ஏற்பானுக்கு சி என்பன எழுத்துகள். மின்னழுத்தம் என்பது எப்போதும் இரண்டு இடங்களுக்கு இடைப்பட்ட வேறுபாடாகலின், ஒரு முனையை மட்டும் சொல்லி நிறுத்தினாற் பொருள் முடியாது. ‘உயரமானவன்’ என்றால் ‘எவனினும்?’ என்று கேட்பது போல, ‘எதனை நோக்க?’ என்னும் வினா எழும். ஆகவே அடியெழுத்துகளில் முதலில் நிற்பது அளக்கப்பெறும் முனை. இரண்டாவது நிற்பது அளவுக்கு அடிப்படையாய்க் கொள்ளப்பெறும் முனை. சி-இ எனின் உமிழ்ப்பானை நோக்க ஏற்பானின் மின்னழுத்தம் என்க. எழுத்துகளை இடம் மாற்றி இ-சி என்று எழுதின், அளவு மாறாது, நேர்க்குறி எதிர்க்குறியாகும். சிலிக்கன் திரிதடையம் என்.பி.என். வகையாய் இயங்குங்கால் பி-இ மின்னழுத்தம் ஏறத்தாழ 0.6 முதல் 0.7 வோல்ட்டு, இ-பி என்று திருப்பினால் அதுவே எதிர்க்குறி பெறும். தமிழில் வேற்றுமை உருபு செய்யும் வேலையை ஈண்டு எழுத்தின் இடமே செய்கின்றது.

மூன்றாவது அடியெழுத்தே உயிர்நாடி. இரண்டு முனைகளுக்கிடையே அளக்குங்கால், எஞ்சிய மூன்றாவது முனை என்ன நிலையில் இருந்தது என்பதை அது சொல்லும். ஓ எனின் எதனோடும் இணையாமல் திறந்து கிடந்தது. எசு எனின் இரண்டாவது முனையோடு நேரே இணைக்கப்பட்டது. ஆர் எனின் இரண்டிற்கும் இடையே குறிப்பிட்டதொரு தடை வைக்கப்பட்டது. எக்சு எனின் குறிப்பிட்டதொரு சுற்று இணைக்கப்பட்டது.

இனி, அந்த மூன்று எண்களுக்கும் கரணியம் காண்போர்க்கு விளங்கும். ஏற்பானும் அடிவாயும் கூடுமிடம் பின்னோக்குச் சார்பில் இருக்குங்கால் சிறிது மின்னோட்டம் அதன் வழியே கசியும். உமிழ்ப்பான் திறந்து கிடந்தால், அக்கசிவு அடிவாயின் வழியே வெளியேறிப் போய்விடும். வேறு கேடு இல்லை. ஆகலின் அந்நிலையில் கருவி 100 வோல்ட்டு வரை தாங்கும். அடிவாய் திறந்து கிடந்தாலோ, கசிவுக்கு வெளியே செல்ல வழியில்லை. அது உமிழ்ப்பானை நோக்கியே செல்ல வேண்டும். அங்ஙனம் செல்வது, அடிவாய்க்கு வெளியிலிருந்து மின்னோட்டம் கொடுத்தது போலவே ஆகின்றது. திரிதடையமோ பெருக்குவதையே தொழிலாக உடையது. தன் கசிவையும் தானே பெருக்கிக் கொள்கின்றது. கசிவு 5 மைக்ரோ ஆம்பியர், பெருக்கம் 50 எனக் கொண்டால், அடிவாய் திறந்த நிலையில் ஓடுவது 51 மடங்காகிய 255 மைக்ரோ ஆம்பியர். மின்னழுத்தம் உயர உயர இப்பெருக்கமே முறிவை விரைந்து வரவழைக்கின்றது. அதனாற்றான் 60 வோல்ட்டு என்னும் தாழ்ந்த எல்லை. அடிவாய்க்கும் உமிழ்ப்பானுக்கும் இடையே 100 ஓம் தடை ஒன்றை வைத்தால், கசிவில் ஒரு பங்கு அத்தடையின் வழியே ஒதுங்கிப் போகும். எல்லை 70 வோல்ட்டாக உயரும். ஆர் என்னும் ஓரெழுத்து 10 வோல்ட்டைப் பெற்றுத் தந்தது இங்ஙனமே.

இலக்கணம் பயின்றார்க்கு இவ்வடியெழுத்துகள் தொகைநிலைத் தொடரை நினைவூட்டும். தொகையில் உருபும் பயனும் மறைந்து நிற்கும். அறிந்தார் விரித்துப் பொருள் கொள்வர். அறியார் தொகையையே கட்டிக்கொண்டு மயங்குவர்.

ஆனால் தொகை போலத் தோன்றித் தொகையல்லாததும் ஒன்று உண்டு. சி-சி என ஒரே எழுத்து இரட்டித்து நிற்பது. ஏற்பானை நோக்க ஏற்பானின் மின்னழுத்தம் என்று இதனை விரித்தால் விடை சுழியாகும். எனவே அங்ஙனம் விரித்தல் கூடாது. எழுத்து இரட்டித்தால் அம்முனைக்கு வெளியிலிருந்து ஊட்டப்பெறும் வழங்கு மின்னழுத்தம் என்பது மரபு. பி-பி, இ-இ என்பனவும் அவ்வாறே. இரட்டைக்கிளவியைப் பிரித்தாற் பொருள் தாராது என்று வகுப்பில் சொல்வதில்லையா? அதற்கு மின்னியலில் ஓர் உடன்பிறப்பு இது. இன்று ஒருங்கிணைந்த சுற்றுகளின் கால்களில் எழுதப்பெறுவனவும் பெரும்பாலும் இவ்விரட்டை எழுத்துகளே. அச்சில் அவற்றை அடியில் இறக்காது ஒரே வரியில் எழுதிவிடும் வழக்கமும் பரவிவிட்டது.

எழுத்தின் இடத்திற்கு அடுத்து நோக்கத்தக்கது எழுத்தின் வடிவு. உரோமன் எழுத்தில் ஒவ்வொன்றிற்கும் பேரெழுத்து, சிற்றெழுத்து என இரு வடிவுகள் உள. பெயர்ச்சொல்லின் முதலில் நிற்பதற்கும் வரியின் முதலில் நிற்பதற்கும் பயன்பட்டு வந்த இவ்வேறுபாட்டை, மின்னியலார் பொருள் வேறுபாட்டிற்கே கருவியாக்கிக் கொண்டனர். தலையெழுத்து பெரிதோ சிறிதோ, அடியெழுத்து பெரிதோ சிறிதோ என்று நோக்க நான்கு வகை பிறக்கும். நான்கிற்கும் நான்கு பொருள்.

காற்று வீசும் ஏரி ஒன்றை எண்ணிப் பார்க்க. காற்று அடங்கியிருப்பின் நீர் எவ்வளவு உயரம் நிற்குமோ அது மாறாத அளவு. அதன்மேல் எழுந்து விழுவது அலை. கரைக்கல்லில் ஒரு நொடியில் நீர் தொடும் உயரம் இவ்விரண்டும் சேர்ந்தது. அலையின் ஆற்றலை ஒரே எண்ணாற் சொல்ல விரும்பினால் அதற்கொரு பயனுறு அளவு வேண்டும். அடிவாய் மின்னோட்டத்திற்கு இந்நான்கும் உண்டு. மின்னோட்டத்தின் தலையெழுத்து ஐ என்பது. ஆம்பியர் என்னும் பிரெஞ்சு அறிஞர் மின்னோட்டத்தின் செறிவைக் குறித்த சொல்லின் முதலெழுத்து அது. தலையும் அடியும் பேரெழுத்தாயின் மாறாத நேர்மின்னோட்டம்: ஏரியின் அமைந்த நீர். தலையும் அடியும் சிற்றெழுத்தாயின் அலையின் அந்நொடி மதிப்பு. தலை சிறிதாய் அடி பெரிதாயின் நீரும் அலையும் சேர்ந்த அந்நொடி முழு மதிப்பு. தலை பெரிதாய் அடி சிறிதாயின் அலையின் பயனுறு மதிப்பு.

எண் கொண்டு பார்ப்பின் தெளிவாகும். மாறாத அடிவாய் மின்னோட்டம் 50 மைக்ரோ ஆம்பியர். அதன்மேல் 20 மைக்ரோ ஆம்பியர் முகடுடைய சைன் அலை ஒன்று ஏறியுள்ளது. முதற் குறியீட்டின் மதிப்பு 50. இரண்டாவது, எதிர்க்குறி 20 முதல் நேர்க்குறி 20 வரை ஊசலாடும். மூன்றாவது 30 முதல் 70 வரை செல்லும். நான்காவது ஏறத்தாழ 14.1. எழுத்துகள் அவையே; ஒலியும் அவையே; வாயாற் சொல்லுங்கால் நான்கும் ஒன்று போலவே கேட்கும். எழுதிக் காட்டினால் மட்டுமே வேறுபடும். ஆசிரியர் கரும்பலகையில் விரைந்து எழுதி, மாணவர் ஏட்டில் எல்லாவற்றையும் ஒரே அளவில் படியெடுத்தால், நான்கு கருத்துகளும் ஒன்றாய்க் குழம்பிவிடும். ஓலைச்சுவடியிற் புள்ளியிடாது எழுதியமையால் மெய்யோ உயிர்மெய்யோ, குறிலோ நெடிலோ என்று பதிப்பாசிரியர் பட்ட பாட்டை அறிந்தவர் இதனை நன்கு உணர்வர்.

பெருக்க எண்ணிலும் இதே வேறுபாடு உண்டு. எச்சு என்னும் சிறிய தலையெழுத்தின் அடியில் எஃப்-இ எனப் பேரெழுத்து நின்றால், ஏற்பு மின்னோட்டத்தை அடிவாய் மின்னோட்டத்தால் வகுத்த நிலைப் பெருக்கம். அதே எஃப்-இ சிற்றெழுத்தாய் நின்றால் சிறு குறிகைக்கு உரிய மாற்றப் பெருக்கம். முன் சொன்ன 2என்3055 கருவிக்கு, 4 ஆம்பியர் ஏற்பு மின்னோட்டத்தில் நிலைப் பெருக்கம் 20 முதல் 70 வரை இருக்கலாம் என்று தாள் கூறும். எஃப் என்பது முன்னோக்கிய மாற்றத்தையும், இ என்பது உமிழ்ப்பான் பொதுமுனையாய் நிற்பதையும் குறிக்கும். ஈண்டு இ என்பது ‘எதனை நோக்க’ என்னும் பொருளில் வாராமல் ‘எது பொது’ என்னும் பொருளில் வந்தமை நோக்குக.

தடைக்கும் ஒரு மரபு உண்டு. கருவியின் உள்ளேயே இயல்பாய் அமைந்த தடை சிறிய தலையெழுத்தாலும், வெளியே சுற்றில் இணைக்கும் தடை பெரிய தலையெழுத்தாலும் குறிக்கப்பெறும். அகமும் புறமும் பிரித்தறிந்த இம்மரபு அழகியதே. ஆயினும் தரவுத்தாள்கள் பல இதனைப் பின்பற்றுவதில்லை. புலவிளைவுத் திரிதடையம் திறந்து இயங்குங்கால் அதன் உள்ளே எஞ்சும் தடையைப் பேரெழுத்தாலேயே அச்சிடுவார் மிகப் பலர். வழக்கு இலக்கணத்தை வென்ற இடம் இது.

ஓரெழுத்துப் பல பொருள் தருவதே கற்பார்க்கு மிகுந்த தொல்லை. ஆர் என்னும் எழுத்தைப் பார்க்க. மேலே தடை என்றது. இருமுனையத்தில் அதுவே பின்னோக்கு என்னும் பொருள் தரும். அதனையடுத்து மீண்டும் ஓர் ஆர் வரின், அது திரும்பத் திரும்ப நிகழ்தல் என்னும் பொருளது. 1என்4007 என்பது வீட்டுக் கருவிகள் பலவற்றில் மாறுமின்னோட்டத்தை நேராக்கும் சிறிய இருமுனையம். அதன் தாளில் வி என்பதன் அடியில் ஆர்-ஆர்-எம் என நின்று 1000 வோல்ட்டு என்றிருக்கும். முதல் ஆர் பின்னோக்கு. இரண்டாவது ஆர் திரும்பத் திரும்ப. எம் என்பது முகடு. ஒவ்வோர் அலையிலும் வரும் பின்னோக்கு முகடு 1000 வோல்ட்டு வரை இருக்கலாம் என்பது பொருள். நடுவெழுத்து எசு என்று மாறின் 1200 வோல்ட்டு. ஆகா, 200 வோல்ட்டு கூடுதலாயிற்றே என்று மகிழ்தற்கில்லை. அந்த எசு, எப்போதோ ஒருமுறை வந்து போகும் எழுச்சியைக் குறிப்பது. விருந்தினர் ஒருநாள் வந்தால் வீடு தாங்கும். நாள்தோறும் வந்தாற் தாங்குமா?

எசு என்பதன் குறும்பு புலவிளைவுத் திரிதடையத்தில் இன்னும் மிகுதி. அங்கு முனைகள் ஊற்று, வடிகால், வாயில் என மூன்று. ஊற்றுக்கு எசு, வடிகாலுக்கு டி. ஐ என்பதன் அடியில் டி-எசு-எசு என நிற்கும் குறியீட்டில் முதல் எசு ஊற்று. இரண்டாவது எசு, முன்பு கண்ட இணைப்பு நிலை. அருகருகே நிற்கும் ஒரே எழுத்து இரண்டும் ஒரே பொருளின அல்ல. இரட்டித்ததனால் வழங்கு மின்னழுத்தம் என்று கொள்வதும் பிழை; தலையெழுத்து மின்னோட்டம் அன்றோ?

சி என்பது ஏற்பான் என்றோம். வெப்பநிலையைக் குறிக்கும் தலையெழுத்தின் அடியில் அது வரின் கருவியின் கூடு என்று பொருள். இதனை அறியாமையும் கருவியைக் கொல்லும். 2என்3055 என்பது 115 வாட்டு ஆற்றலைத் தாங்கும் என்று தாள் கூறும். ஆனால் கூட்டின் வெப்பநிலை 25 பாகையாய் இருக்குங்கால் என்னும் கட்டு அதனோடு உண்டு. உள்ளே கூடுமிடம் 200 பாகைக்கு மேற் செல்லலாகாது. உள்ளிருந்து கூட்டிற்கு வெப்பத்தடை வாட்டுக்கு ஏறத்தாழ 1.52 பாகை. 200இலிருந்து 25ஐக் கழித்து 1.52ஆல் வகுத்தால் வருவதே அந்த 115. இயங்கும்போது கூடு 100 பாகைக்குச் சூடேறிவிட்டால், எஞ்சிய 100 பாகையை 1.52ஆல் வகுக்க ஏறத்தாழ 66 வாட்டே கிடைக்கும். வெப்பம் கடத்தும் அலுமினியத் தகடு இல்லாமல் வெறுங்காற்றில் விட்டாலோ சில வாட்டுகளே. அடியெழுத்து கூட்டைச் சொல்லிற்றா, சூழ்காற்றைச் சொல்லிற்றா என்று பாராதவர் 115 என்னும் எண்ணை நம்பிக் கெடுவர்.

இம்மரபுகள் ஒருநாளில் அமைந்தன அல்ல. 1947ஆம் ஆண்டு திசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பார்டீனும் பிராட்டனும் முதல் திரிதடையத்தை இயக்கிக் காட்டினர். பின்னர் நாட்டுக்கு நாடு கருவிகள் பெருகின, குறியீடுகளும் பெருகின. 1963இல் அமெரிக்க மின், மின்னணுவியல் பொறிஞர் கழகம் 255 என்னும் எண்ணுடைய செந்தரத்தைக் குறைகடத்தி எழுத்துக் குறியீடுகளுக்கென வெளியிட்டது. பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 148ஆம் வெளியீடும் இதற்கென்றே எழுந்தது. அவ்வெளியீடு இன்று வழக்கிலில்லை; அதன் பொருள் 747 என்னும் எண்ணுடைய பிற்றைய செந்தர வரிசையின் முதற் பகுதியிற் சேர்க்கப்பட்டுவிட்டது. இத்துணைக்குப் பின்னும் செருமானிய மொழி நூல்களில் மின்னழுத்தம் வி என்னும் எழுத்தால் அன்றி யூ என்னும் எழுத்தாலேயே குறிக்கப்பெறுகின்றது. தம் வழக்கை அவர் விட்டிலர். அதனால் அவர்தம் பொறியியல் தாழ்ந்துவிடவும் இல்லை.

முனைக்குள் நுழையும் மின்னோட்டத்திற்கு நேர்க்குறி என்பதும் மரபே. அதனாற் பி.என்.பி. வகைத் திரிதடையத்தில் ஏற்பு மின்னோட்டம் எதிர்க்குறி பெறும். சிலர் அவ்வெதிர்க்குறியை எண்ணின் முன் இடுவர். சிலர் குறியீட்டின் முன்னேயே இட்டு எண்ணை நேராக எழுதுவர். இன்னுஞ் சிலர் விட்டே விடுவர். தாளின் முதற் பக்கத்தைப் பாராமல் இதில் முடிவு செய்தற்கில்லை.

இனித் தமிழில் எழுதுவார்க்கு உரியதொரு செய்தி. தமிழெழுத்திற்குப் பேரெழுத்து, சிற்றெழுத்து என்னும் வேறுபாடு இல்லை. அஃது ஒரு குறையன்று. ஆயினும் மேற்கண்ட நால்வகையைத் தமிழெழுத்தின் வடிவால் மட்டும் காட்டுதல் இயலாது. உரோமன் எழுத்தின் பெயரைத் தமிழில் ஒலிபெயர்த்து எழுதினாலும் இடர்ப்பாடு உண்டு. அடிவாயின் எழுத்தும் ஆற்றலின் எழுத்தும் பி என்றே ஆகிவிடும்; வடிகாலின் எழுத்தும் வெப்பநிலையின் எழுத்தும் டி என்றே ஆகிவிடும். ஆகவே படத்திலும் வாய்பாட்டிலும் உலகம் எழுதும் குறியீட்டை அவ்வாறே எழுதுக. உரையில் அதனைத் தமிழாக விரித்துச் சொல்லுக. ஒலிபெயர்ப்பு மட்டும் போதும் என்பார் இவ்விரண்டின் பயனையும் இழப்பர்.

அங்ஙனம் விரிக்குங்கால் ஒரு புதுமை தோன்றும். வி, சி, இ, ஓ என்று குறியீடு முன்னிருந்து பின் செல்கின்றது. தமிழோ, ‘அடிவாய் திறந்திருக்க, உமிழ்ப்பானை நோக்க, ஏற்பானின் மின்னழுத்தம்’ என்று பின்னிருந்து முன் வருகின்றது. ஓ, இ, சி, வி என்று ஒவ்வோர் எழுத்தும் முறை மாறாமல் தன் இடத்தில் வந்து அமர்கின்றது. கட்டுப்பாட்டை முதலிற் சொல்லி அளவை இறுதியிற் சொல்வது தமிழ்த் தொடரின் இயல்பாகலின், கட்டை மறந்து எண்ணை மட்டும் பற்றிக்கொள்ளும் பிழைக்கு ஆங்கு இடம் குறைவு. டி-எசு-எசு என்பதும் அவ்வாறே: வாயில் ஊற்றோடு இணைந்திருக்க, ஊற்றை நோக்க, வடிகாலின் மின்னோட்டம்.

அந்த இளைஞன் கருவியைப் பொருத்துமுன் அத்தாளின் மூன்று வரிகளையும் இம்முறையில் வாய்விட்டுப் படித்திருப்பானாயின், முதல் வரி ‘உமிழ்ப்பான் திறந்திருக்க, அடிவாயை நோக்க, ஏற்பானின் மின்னழுத்தம் 100’ என்று அவன் செவியில் விழும். தன் சுற்றில் உமிழ்ப்பான் திறந்து கிடக்கவில்லையே என்று நிறுத்துவான். இரண்டாம் வரி 70; மூன்றாம் வரி 60; அவன் சுற்றிலோ 80. தாளை மடித்துக்கொண்டு கடைக்காரரிடம் திரும்பிச் சென்று, அடிவாய் திறந்த நிலையிலும் 80க்கு மேல் தாங்கும் வேறொரு கருவி உண்டா என்று கேட்பான்.